சேர்மன் கைவிட்ட தீவு

எங்கள் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது. எதிரில் இருப்பது ஒரு விமானக் கம்பெனியின் தலைமை அலுவலகம்.

சிரிக்க வேண்டாம். எழுபது விமானங்கள், இருபத்தெட்டு ஊர்கள், வருஷத்துக்கு நான்கு பருவம். அத்தனையும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்பக்கம் புடைத்த அந்தக் காலத்துத் திரை. அதன் தலையில் தூசி படாமல் இருக்க ஒரு தலையணை உறை. கம்பெனியின் உரிமையாளர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும், தன் வீட்டுப் பிழை மட்டும் படாது. கட்டடம் முழுக்க அவருக்குச் சேர்மன் என்றுதான் பெயர். இதுவரை ஒரு விமானத்தில்கூட ஏறியதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பஸ்ஸிலேயே தலை சுற்றும் என்பார் அவர் மனைவி.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். எனக்கு அண்ணி முறை இல்லை, வயதிலும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஆனால் சேர்மனின் தம்பி வரும்போதெல்லாம் வாய் நிறைய அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் நீண்ட விடுப்பில் இருந்தார். கடைசியாகக் கீழே இறங்கியது எக்ஸ்ரே எடுக்க. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சேர்மன் முன்னால் போய், "இடது, இடது, சுவரு" என்று வழி காட்டினார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. முதலில் எட்டிப் பார்த்தது என் தலைதான். அன்றைக்கு அண்ணி சொன்னார், "இனிமே மூட்டையா இறங்க மாட்டேன். நடந்து இறங்கினாத்தான் இறங்குவேன்." அதற்கப்புறம் இறங்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, அந்தத் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷமாகிறது. ஆனாலும் தம்பி மாதாமாதம் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு வருவார். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறுவார். அவர் தலை படியில் தெரிந்ததும் சேர்மன் பையை எடுத்துக்கொண்டு, எதிரே வருகிற தம்பியைப் பார்க்காமல், சுவரோரமாக உரசிக்கொண்டு கீழே இறங்குவார். தம்பி உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். முக்கால் மணி நேரம். அண்ணி டீ கொடுப்பார். முடிந்ததும் தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பி டிஸ்க்கை எடுத்து, அந்த விமான ஆட்டத்தை அதில் ஒரு நகல் எடுத்துக்கொள்வார். தான் போன பிறகு அண்ணன் பழசை அழித்து ஏமாற்றிவிடக் கூடாதே. அந்தப் பிளாப்பிகளைச் சேர்த்துவைக்க ஒரு பிஸ்கட் டப்பா. கருவிப் பையிலேயே ஸ்பேனர்களோடு அதுவும் கிடக்கும். தம்பி இறங்கிப் போன பிறகு சேர்மன் வெறும் பையோடு ஏறி வருவார். அவர் ஆடுவார். பருவம் முடியும். அடுத்தது அடுத்த மாதம்.

அந்த ஆட்டத்தின் அமைப்பு அப்படி. ஒருவர் நீலக் கம்பெனி, ஒருவர் சிவப்புக் கம்பெனி, பச்சைக் கம்பெனி ஒன்றைக் கம்ப்யூட்டரே நடத்தும். எந்த ஊருக்கு விமானம் விடுவது, டிக்கெட் என்ன விலை, எத்தனை தடவை பறப்பது என்றெல்லாம் தீர்மானித்துவிட்டு, இரண்டு பேருமே 'முடிந்தது' என்று அழுத்தினால்தான் பருவம் நகரும். ஒருத்தர் அழுத்தாவிட்டால் எல்லா விமானமும் அந்தரத்தில் நிற்கும். மொத்தம் இருபது வருஷம், எண்பது பருவம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் இதே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஆட்டத்தை நான்கு நாளில் முடிப்பார்களாம். அவர்கள் அம்மா பின்னால் கட்டிலில் படுத்தபடி பார்ப்பாராம். திரையின் ஓரத்தில், கடலுக்கு நடுவே மிளகு மாதிரி ஒரு தீவு. "அந்தத் தீவுக்கு ஒண்ணு விடுடா. அங்க இருக்கிறவங்க எப்படி ஊருக்கு வருவாங்க" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வாராம்.

இப்போது ஓடுகிற ஆட்டம் அம்மாவின் கடைசி வாரத்தில் தொடங்கியது. அதிலும் சேர்மன் முதல் வழியாகத் தீவுக்குத்தான் விட்டார். மூன்றே பருவம் ஆடியிருப்பார்கள். அம்மா போய்விட்டார்.

அன்றைக்குத் தம்பி ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஆறு பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றே காலுக்கு வந்தார். வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன. மூன்றடிக்கும்போதே உடலை எடுத்துவிட்டார்கள்.

"ஆளுங்க கிளம்பணும்னாங்க. மூணு மாடி இறக்கணுமில்ல" என்றார் சேர்மன், சாயங்காலம் திரும்பி வந்ததும்.

"கால் மணி நேரம்" என்றார் தம்பி.

இரண்டு பேரும் பேசிக்கொண்ட கடைசி வார்த்தை அதுதான். நான் கேட்டேன். கதவு திறந்துதான் இருந்தது.

மாதம் முடிந்து முதல் ஞாயிறு, தம்பி வந்து நின்றார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். "ஆட்டம் பாதியில நிக்குது. அவர் ஜெயிச்சதா நெனச்சிடக் கூடாது" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து இப்படி.

இந்த லட்சணத்தில் வீடு இன்னும் அம்மா பெயரிலேயே இருந்தது. மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டுமே.

போன பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். பழைய கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிஃப்ட் வைத்துக் கொடுக்கிறார்களாம். வளாகத்துக்கு ஒன்றுதான். எங்கள் கட்டடமோ எதிர்க் கட்டடமோ, ஏப்ரல் முடிவதற்குள் எது எல்லா வீட்டுக் கையெழுத்தையும் கொடுக்கிறதோ அதற்கு. எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. ஏழு வீட்டில் பத்து நாளில் போட்டுவிட்டார்கள். சேர்மன் வீட்டுக்கு மட்டும் இரண்டு கையெழுத்து வேண்டும்.

அண்ணி அன்றைக்கு எப்படி இருந்தார் தெரியுமா? பீரோவிலிருந்து வெளியே உடுத்துகிற புடவைகளை எடுத்து உதறி மறுபடியும் மடித்தார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது லிஃப்ட் வந்துடுமா?" என்றார். "ஜூன்ல எங்க? செப்டம்பர் ஆகும்" என்றேன். "பரவால்ல. லீவு டிசம்பர் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள போய்ச் சேரலன்னா வேற ஆளு போட்டுருவாங்க."

மார்ச் முதல் ஞாயிறு அந்தக் காகிதத்தை விசைப்பலகை மேலேயே வைத்தார். தம்பி எடுத்துப் படித்தார். பக்கத்தில் சேர்மன் முன்பே போட்டிருந்த கையெழுத்து. மடித்து டீ டம்ளருக்குக் கீழே வைத்தார்.

"அண்ணி, உங்களுக்காக உயிரைக்கூடக் குடுப்பேன்."

"உயிரு வேணாம்ப்பா. கையெழுத்துப் போடுங்க போதும்."

"அது மட்டும் அவர் வாயால கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல. தம்பி போடுடான்னு ஒரு வார்த்தை."

வெளியே வரும்போது என் கதவு கொஞ்சம் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "என்னக்கா, சிசிடிவி ஓடுதா? சத்தமும் பதிவாகுதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கதவை மூடிவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலறையில் இருந்தார். சேர்மன் ஆடிக்கொண்டிருந்தார். ஆடிக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கோடுகளில் ஒன்று தீவு வரைக்கும் போயிற்று. அதைத் தொட்டு ஏதோ அழுத்தினார். நிச்சயமாகத்தானா என்று திரை கேட்டது. மறுபடியும் அழுத்தினார். கோடு மறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியைத்தானா என்பதில் எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

"என்ன சேர்மன் சார், தீவுல ஆளுங்க எல்லாம் காலி பண்ணிட்டாங்களா?" என்றேன்.

"உங்களுக்கு இது புரியாதும்மா" என்றார்.

எனக்குப் புரியாதுதான். ஆனால் புரிய வேண்டியவருக்கும் புரியவில்லையே.

ஏப்ரல் முதல் ஞாயிறு தம்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அண்ணி, இங்க வாங்க. இதப் பாருங்க."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா சொன்ன தீவு. அதையே விட்டுட்டாரு. பதினாறு வருஷமா நல்லா ஓடிக்கிட்டிருந்த வழி, நஷ்டம்கூடக் கிடையாது. சும்மா தூக்கிப் போட்டிருக்காரு. அன்னைக்கு எப்படி அவசரமா எடுத்தாரோ அப்படியே. இவருக்குக் கையெழுத்து வேற."

தன்னுடைய பெரிய விமானங்கள் நான்கைத் தீவுக்குத் திருப்பினார். டிக்கெட் விலையை இரண்டு மடங்காக்கினார். டீயைக் குடிக்காமல் போனார்.

மத்தியானம் சேர்மன் திரையைப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"நான் கேட்டேன். அவன் சொன்ன பதிலைப் பாத்தியா?"

"எங்க கேட்டீங்க? எப்போ கேட்டீங்க?"

"தீவைக் குடுத்தேனே. அம்மா வழியையே அவனுக்குக் குடுத்தேன். அதுக்கு மேல ஒருத்தன் எப்படிக் கேப்பான்? காலியா விட்டா, அவன் சின்ன விமானமா ஒண்ணு விடுவான், அதே விலைக்கு விடுவான்னு நெனச்சேன். விட்டிருந்தா அடுத்த தடவை நான் வெளிய போயிருக்க மாட்டேன். வீட்லயே இருந்திருப்பேன். அவன் நாலு விமானத்தக் கொண்டு வந்து அடிக்கிறான்."

இதை அண்ணி எனக்கு அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னதும் நான்தான்.

"அண்ணி, நீங்க நல்ல மனசு, இழுத்துப் புடிச்சு ஒட்டப் பாக்குறீங்க. அவருக்கு அவ்வளவு நாசூக்கெல்லாம் கிடையாது. தீவு விட்டது மன்னிப்பாம், அதை நான் நம்பணுமாம்."

அண்ணி போனை என் பக்கம் நீட்டினார். "நீங்க அன்னைக்குப் பாத்தீங்கல்ல. கண்ணைத் துடைச்சாருன்னு சொன்னீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

எனக்குச் சிசிடிவி ஞாபகம் வந்தது. "எனக்கெதுக்கு வம்பு" என்று தலையை ஆட்டினேன்.

ஊர் வம்பையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொள்கிறவள் நான். அன்றைக்குப் பார்த்து எனக்கெதுக்கு வம்பு என்றேன். சொல்லியிருந்தாலும் அவர் வாயால்தான் கேட்க வேண்டும் என்றிருப்பார். அப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் முடிந்தது. செயலாளர் ஏழு வீட்டுக் கையெழுத்தோடு போய் நின்றார். எதிர்க் கட்டடம் எட்டோடு போய் நின்றது.

ஜூனில் எதிரே குழி தோண்டினார்கள். இரும்புச் சட்டம் ஒவ்வொரு மாடியாக ஏறியது. ஆகஸ்டில் லிஃப்ட் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அண்ணி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நீலச் சட்டை யாருன்னு பாருங்க. எனக்குக் கண்ணு சரியில்லையோ என்னவோ."

கண்ணெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி உயரத்தில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, எங்களுக்கு நேர் எதிரே நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவர் தம்பிதான். எட்டிப் பார்த்துக் கையசைத்தார். "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். அண்ணி தலையாட்டினார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அனுப்பிய இடத்தில் வேலை செய்கிறார். முறுக்குவதிலும் குறை வைக்கவில்லை, இன்றுவரை அந்த லிஃப்ட் ஒரு நாள்கூட நின்றதில்லை.

செப்டம்பரில் அது ஓடத் தொடங்கியது. அந்தக் கட்டடத்துக்காரர்கள் ஒரு வாரம் வேலையில்லாமல் ஏறி இறங்கினார்கள். முதல் மாடிக்காரரே அதில்தான் போனார்.

அக்டோபர் முதல் ஞாயிறு. பதினோரு மணிக்குத் தம்பி வந்தார். சேர்மன் பையோடு இறங்கினார். வழக்கம்போல உரசல். தம்பி உள்ளே போன உடனேயே, "அண்ணி, யாரு தொட்டாங்க இதை?" என்று சத்தம் கேட்டது. நான் சல்லடையை எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கொடுப்பதற்கு இல்லை, போவதற்கு.

திரையில் விமானங்கள் இல்லை. கடல் இல்லை. மூன்று வரி மட்டும் இருந்தன. முதலிடம், பச்சை. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, நீலம். இருபது வருஷமும் முடிந்திருந்தன. பச்சை என்று ஒன்று இருப்பதையே இரண்டு பேரும் மறந்திருந்தார்கள். அது பாட்டுக்கு ஓரத்தில் நல்லபடியாகப் பறந்திருக்கிறது.

"நான்தான் தொட்டேன்" என்றார் அண்ணி. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே உடுத்துகிற புடவை கட்டியிருந்தார். "முடிஞ்சதுன்னு ஒரு பட்டன் இருக்குல்ல. காலையில அவர் எழறதுக்கு முன்னால உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு தடவை, உங்களுக்கு ஒரு தடவை. எட்டுப் பருவம் மிச்சம் இருந்தது, பதினாறு தடவை அழுத்தினேன். அரை மணி நேரம்கூட ஆகல. ஆறு வருஷமா என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

தம்பி வாசலுக்கு ஓடினார். படிக்கட்டில் குனிந்தார்.

"அண்ணே" என்றார்.

நான் சல்லடையை மார்போடு பிடித்துக்கொண்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சேர்மனின் காலடி நின்றது.

"அண்ணே, மேல வாங்க. ஆட்டம் போயிருச்சு."

சேர்மன் ஏறி வந்தார். திரையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். தம்பி பக்கம் திரும்பினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தம்பிக்கு வந்த முதல் வார்த்தை எதுவாக இருக்கும் என்று எங்கள் கட்டடத்தில் பந்தயமே கட்டியிருக்கலாம்.

"நீ நகல் வெச்சிருப்பியே?"

"எல்லா மாசமும் இருக்கு. எது வேணும்?"

பிஸ்கட் டப்பா திறந்தது. இரண்டு பேரும் குனிந்தார்கள். இரண்டு தலையிலும் உச்சியில் ஒரே இடத்தில் வழுக்கை.

சேர்மன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "மார்ச் இருக்கா?"

"இருக்கு. ஆனா போன மாசத்துதே இருக்கே. அது போதாதா?"

"மார்ச்லேருந்து ஆடுவோம்."

தம்பி பிளாப்பியை எடுத்தார், கொடுக்கவில்லை. "மார்ச்ல தீவு உங்ககிட்ட இருந்துச்சு."

"ம்."

"அதை ஏன் விட்டீங்க?"

அண்ணி கட்டிலிலிருந்து நிமிர்ந்தார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"சும்மாதான்" என்றார்.

தம்பி பிஸ்கட் டப்பாவை மூடினார். "சரி" என்று பிளாப்பியை நீட்டினார். கம்ப்யூட்டர் அதை விழுங்கிக் கரகரவென்று அரைத்தது. கடல் வந்தது. ஓரத்தில் மிளகு மாதிரி தீவு, அது வரைக்கும் நீலக் கோடு. தம்பி சமையலறையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து அண்ணன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சேர்மன் தீவைத் தொடவில்லை. வேறு ஏதோ ஊருக்கு டிக்கெட் விலையைக் குறைத்துவிட்டு 'முடிந்தது' அழுத்தினார்.

அண்ணி எழுந்து டீ போட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு டம்ளரையும் ஒரே தட்டில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு பேரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி எடுத்துக்கொண்டார்கள்.

"பேசிட்டாங்க பாத்தீங்களா" என்றார் அண்ணி, என்னிடம்.

பால்கனிக்குப் போனோம். எதிரே லிஃப்ட் ஏறி வந்தது, கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை, மூடிக்கொண்டது.

"நாளைக்கு ஸ்கூல் பக்கம் போவீங்களா?" என்றார். முந்தானைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். அதைக் காலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

உறை ஒட்டியிருக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று படித்தேன், மறைப்பானேன். நல்ல தட்டச்சுக்காரரின் கடிதம், கையால் எழுதியும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. வேலையை விடுவதாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் முட்டி வலி என்று எழுதியிருந்தார். முட்டி என்ன செய்யும் பாவம்? கையெழுத்துப் போடாமல் இருந்தது அதுவா?